இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை

அந்த வியாழக்கிழமை காலையில் அக்காவும் தம்பியும் ஈரத் துண்டுக்காகச் சண்டை போட்டார்கள். குளித்துவிட்டு வந்தவன் வழக்கம்போலத் துண்டை நாற்காலி முதுகில் போட்டிருந்தான்.

"நாற்காலி என்ன கொடிக்கம்பியாடா? எத்தனை தடவை சொல்றது?"

"அதுவும் ஒரு நாள் குளிக்கட்டுமேன்னு பார்த்தேன்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை."

அவன் துண்டை எடுத்துப்போய் பால்கனிக் கம்பியில் போட்டு, இரண்டு கிளிப் மாட்டி, ஒரு தரம் இழுத்தும் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக், எதை மாட்டினாலும் இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டான். பிறகு "வரேன்க்கா" என்று கிளம்பினான். அவள் பதில் சொன்னாளா என்பது இப்போது அவளுக்கே நினைவில்லை. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நேரமாகிவிட்டது, சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் காணோம், அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவன் கிளம்பிப் போன இடத்தின் முழுப்பெயர் 'தீவிர வெளிநோயாளர் மனநல இடைநிலைச் சிகிச்சைத் திட்டம்'. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சொல்கிறவருக்கே மூச்சு வாங்கும் என்பதால் எல்லோரும் 'நடு மாடி' என்றுதான் சொல்வார்கள். கட்டடத்தில் மூன்று தளங்கள். கீழே, மாதம் ஒரு தரம் வந்து பத்து நிமிடம் டாக்டரைப் பார்த்துவிட்டு மாத்திரையோடு போகிறவர்கள். மேலே, கட்டில் போட்டுப் படுக்க வைக்கப்பட்டவர்கள். வீட்டுக்கு அனுப்பினால் தாங்காது, படுக்க வைக்கும் அளவுக்கு மோசமும் இல்லை என்று இருக்கிறவர்களுக்கு நடு மாடி. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம், பன்னிரண்டு வாரம்.

யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனைதான். எல்லாக் காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை; எல்லாக் காய்ச்சலும் கஷாயத்தில் தீர்வதும் இல்லை. யோசனையில் குற்றமே இல்லை. அது யார் கையில் அகப்பட்டது என்பதுதான் சங்கதி.

தம்பி அங்கே போய்ச் சேர்ந்த வரலாறு சிறியது. ஒரு வருடமாகத் தூக்கம் இல்லை. ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் இயந்திர அறையில், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி நாலு மணி நேரம் உட்கார்ந்தே இருந்திருக்கிறான். கீழே ஜனங்கள் படியேறிக் கால் வலித்து, புகார் செய்து, கம்பெனி ஆள் வந்து பார்த்தபோது, "எந்திரிக்கணும்னு தோணலை" என்றானாம். அதை அக்காவிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவள்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வரவேற்பில் இருந்த குமாஸ்தா பத்துக் கேள்விகள் அடங்கிய படிவம் ஒன்றைத் தந்தாள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். தூக்கம், பசி, களைப்பு என்று போய், ஒன்பதாவதில் 'உயிரோடு இருப்பதில் பயனில்லை என்று தோன்றுகிறதா?' என்று கேட்டிருந்தது. அவன் பேனாவைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் நிரப்பினான். கூட்டினால் முப்பத்தொன்று வந்தது.

"வாழ்த்துகள்மா" என்றாள் குமாஸ்தா. "இருபதுலேர்ந்து முப்பத்தஞ்சு வரைக்கும் நம்ம மாடி. கச்சிதமா வந்திருக்கார்."

அக்காவுக்கு நன்றி சொல்வதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. நன்றி சொன்னாள்.

நடு மாடிக்குப் போவது லேசான காரியமில்லை. அந்தத் தளம் முன்பு பழைய ஃபைல்களைக் கொட்டிவைத்த இடம். அப்போது பொத்தானைப் பிடுங்கியிருந்தார்கள், அதனால் லிஃப்ட் அங்கே நிற்காது. கீழிருந்து போகும் படிக்கட்டு அவசர வழி. அவசரம் இல்லாதவர்கள் அதில் ஏறக் கூடாது. ஆகவே லிஃப்டில் மேல் மாடிக்குப் போய், வார்டைக் கடந்து, ஒரு மாடி இறங்கி வர வேண்டும். வார்டு வாசலில் காவலாளி தினமும் மறிப்பார். நோயாளி தப்பி ஓடுகிறான் என்று நினைத்துவிடக் கூடாதல்லவா? அதற்காக ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார்கள். 'இவர் கட்டிலுக்குத் தகுதியற்றவர்' என்று அதில் அச்சடித்திருந்தது.

"அக்கா, அந்தப் பொத்தான் ரெண்டே ரெண்டு வயர்" என்றான் தம்பி முதல் நாள் சாயங்காலம். "அரை மணி நேரம் குடுத்தா நானே போட்டுக் குடுத்துடுவேன். சொல்லிப் பார்த்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"நோட்ல எழுதிக்கிட்டாங்க."

என்ன எழுதினார்கள் என்பது இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தபோது தெரிந்தது. 'வேலையைப் பற்றிப் பேசுவதன் மூலம் தன்னிடமிருந்து தப்பிக்கிறார். இலக்கு: லிஃப்டை மறத்தல்.' அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. 'பங்கேற்பு குறைவு' என்று வந்தது. அடுத்த முறை சிரிக்க வைத்துப் பேசினான். 'நகைச்சுவையைக் கேடயமாகப் பிடிக்கிறார்' என்று வந்தது. ஒருநாள் அழுதுவிட்டான். 'நல்ல முன்னேற்றம்' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

அங்கே நடந்தது என்னவென்றால், பதினோரு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். வட்டம் நடத்துகிற பெண்மணி ஒவ்வொருவரிடமும், "இன்னிக்கு உங்க மனசுக்குள்ள என்ன வானிலை?" என்று கேட்பார். மேகமூட்டம், தூறல், லேசான வெயில் என்று எதையாவது சொல்ல வேண்டும். ஒருவர், "மழையா வெயிலான்னு தெரியலைங்க, புழுங்குது, ஃபேனைப் போடுங்க" என்றார். அவருக்கு 'உருவகத்தை எதிர்க்கிறார்' என்று எழுதினார்கள். பிறகு எல்லோரும் கற்பனைப் பூவை முகர்ந்து, கற்பனை மெழுகுவத்தியை ஊத வேண்டும். பிறகு தாள். தாளுக்குப் பிறகு இன்னொரு தாள். திங்கள்தோறும் அதே பத்துக் கேள்விப் படிவம். ஆபத்தான எண்ணம் வந்தால் கூப்பிடுவதற்கு ஒரு தொலைபேசி எண்ணை அட்டையில் லேமினேட் செய்து கொடுத்தார்கள். திங்கள், செவ்வாய், வியாழன், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை அந்த எண்ணில் ஆள் இருப்பார்கள். அதாவது அவன் அவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் நேரத்தில்.

வீட்டார் கட்டாயம் வர வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை அக்காவையும் அழைத்தார்கள். வகுப்பின் தலைப்பு 'காது கொடுத்துக் கேட்பது எப்படி'. இயக்குநரே வந்து மூன்று மணி நேரம் பேசினார்.

"மூணு மாடி வீட்டுல எந்த மாடிக்கு மரியாதை? மேல் மாடி ஒழுகும். கீழ்த்தளத்துல தண்ணி வரும். நடு மாடிதான் சுகம். நீங்க ஒவ்வொருத்தரும் அதிர்ஷ்டசாலிங்க."

ஒரு தாய் எழுந்து, தன் மகள் நாலு நாளாகச் சாப்பிடவில்லை என்று ஆரம்பித்தாள்.

"உட்காருங்கம்மா" என்றார் இயக்குநர் கனிவாக. "கேட்கறதைப் பத்திப் பேசிட்டிருக்கேன். நடுவுல பேசினா எப்படிக் கத்துப்பீங்க?"

இத்தனைக்கும் தம்பி அங்கே போவதை நிறுத்தவில்லை. திங்கள், செவ்வாய், வியாழன் சவரம் செய்துகொண்டான். காரணம் வட்டம் இல்லை, படிக்கட்டு. பதினொன்றரைக்குத் தேநீர் இடைவேளை விடுவார்கள். யாரும் ஏறக் கூடாத அந்த அவசரப் படிக்கட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசுவார்கள். அங்கே யாரும் நோட்டில் எழுதவில்லை. அந்தக் கூட்டத்தின் தலைவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பன்னிரண்டு வாரத்தை மூன்றாவது சுற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இருபதுக்குக் கீழ போனா, சரியாயிடுச்சுன்னு கைகுலுக்கி வெளிய விட்டுருவாங்க" என்று அவர் தம்பிக்குப் பாடம் எடுத்தார். "முப்பத்தஞ்சைத் தாண்டினா, மேல் மாடிக்கு எழுதிடுவாங்க. மேல கட்டில் இல்லை. ஏழு வாரம் காத்திருக்கணும். அதுவரைக்கும் இங்கயும் சேர்க்க மாட்டாங்க. ரெண்டு படியில ஒரே நேரத்துல கால் வைக்கக் கூடாதாம். அதனால இருபத்தேழுல நில்லுங்க தம்பி. நான் எட்டு மாசமா இருபத்தேழு. என்னை மாதிரி நிலையான மனுஷன் இந்த ஊர்லயே கிடையாது."

"நிஜத்துல எவ்வளவு சார்?"

வாத்தியார் தேநீரை உறிஞ்சினார். "நிஜத்தைக் கேட்டு அவங்க படிவம் அடிக்கலியேப்பா."

தம்பி இதை வீட்டில் நடித்துக் காட்டினான். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "நீயும் அப்படியே போட்டுடேன்டா" என்றாள்.

"எனக்கு வராதுக்கா."

வராது என்பது அவளுக்கும் தெரியும். பழைய கம்பெனியில், லிஃப்டின் பிரேக்கைப் பார்க்காமலே 'பார்த்தாயிற்று' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது மாட்டேன் என்று வேலையை விட்டவன் அவன். "பதிவேட்டுல நாம என்ன வேணா எழுதலாம். பிரேக்குக்குப் படிக்கத் தெரியாது" என்பான்.

ஏழாவது வாரம் அவனுக்கு என்ன ஆயிற்று என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை, "நான் இல்லேன்னா உனக்கு வீட்ல இடம் தாராளமா இருக்கும்" என்றான், அலமாரியை நகர்த்துவதைப் பற்றிப் பேசுகிற குரலில். திங்கட்கிழமை படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினான். நாற்பத்தொன்று. ஒன்பதாம் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து.

செவ்வாய்க்கிழமை வார்டு வாசலில் காவலாளி மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். 'தாங்கள் உயர்நிலைச் சிகிச்சைக்கு உயர்த்தப்பட்டுள்ளீர்கள். வரிசை எண் அறுபத்து நான்கு.'

புதன்கிழமை அக்கா கடைக்கு லீவு போட்டுவிட்டு அவனையும் அழைத்துக்கொண்டு போனாள். அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நோயாளி முன்னிலையில் நோயாளியைப் பற்றிப் பேசுவது விதிப்படி கூடாது. உள்ளே நீள மேசைக்குப் பின்னால் இயக்குநர், படிநிலை அதிகாரி, வட்டம் நடத்துகிற பெண்மணி.

"அவனை வெளிய அனுப்பிட்டீங்களே சார்" என்றாள் அக்கா.

"அனுப்பலைம்மா. உயர்த்தியிருக்கோம்."

"உயர்த்தின இடத்துல கட்டில் இல்லையே."

"அது கட்டில் பிரிவு. இது படிநிலைப் பிரிவு."

"ஏழு வாரம் அவன் எங்க இருப்பான்?"

இயக்குநர் யோசித்தார். "தகுதியில இருப்பார்."

"அதுவரைக்கும் இங்கயே உட்காரட்டும் சார். அந்த நாற்காலி சும்மாத்தானே கிடக்கு. அவனுக்கு அந்தப் படிக்கட்டுல நாலு பேர் இருக்காங்க. அதுக்காகத்தான் சட்டை மாத்திக்கிறான்."

"படிக்கட்டா?" படிநிலை அதிகாரி நிமிர்ந்தார். "படிக்கட்டு நம்ம சிகிச்சையில இல்லையே!" அதைக் குறித்துக்கொண்டார். பிறகு விளக்கினார்: "முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கிறவரை இந்த மாடியில உட்கார வெச்சு, நாளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, எங்க மாடியில ஆனதா ஆயிடும்மா."

"வீட்ல ஆனா?"

"வீடு எந்தப் படிநிலையிலயும் வராது."

அக்கா ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னதைச் சொன்னாள். ராத்திரியெல்லாம் அவன் அறைக்கு வெளியே தான் பாய் போட்டுப் படுத்திருப்பதைச் சொன்னாள். வட்டம் நடத்துகிற பெண்மணியின் கண் கலங்கியது. அதை உடனே துடைத்துக்கொண்டு, "அதுக்கு ஒன்பதாம் கேள்வி இருக்கும்மா" என்றார்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து கைகளைக் கோத்துக்கொண்டார். இனி வருவது உரை என்று மற்ற இருவருக்கும் தெரிந்திருந்தது, பேனாவை மூடினார்கள்.

"உங்க வலி புரியுது. ஆனா நீங்க நிறுவனத்தோட பக்கமும் பார்க்கணும். பதினோரு வருஷமா இந்த மாடியில ஒரு அசம்பாவிதம் கிடையாது. வெளியூர்லேர்ந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க, எப்படி முடியுதுன்னு. ரகசியமே இல்லைம்மா. அசம்பாவிதம் நடக்கும்னு தோணறவங்களை நாங்க வெச்சுக்கறதே இல்லை. குணமாகக்கூடியவங்களை எடுத்துக்கறோம், குணமாகறாங்க. ஆகாதவங்க வேற மாடி. இவ்வளவு சுத்தமா ஒரு திட்டம் எங்க இருக்கு, சொல்லுங்க?"

அவள் கதவைப் பார்த்தாள், அதற்கு அப்பால்தான் அந்தப் பெஞ்சு.

"ஒரு வழி இருக்கு" என்றார் படிநிலை அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "திங்கட்கிழமை அவர் சோர்வா இருந்திருக்கலாம். சோர்வா இருக்கும்போது நிரப்பினா எண் கூடிப்போகும். மறுபடி நிரப்பித் தரலாம். விதியில இடம் இருக்கு."

"சோர்வா இருக்கறதுனாலதானே சார் இங்க வர்றான்? பொய் எழுதச் சொல்றீங்களா?"

"ஐயையோ, நாங்க அப்படிச் சொல்லவே மாட்டோம்" என்றார் இயக்குநர். "மறுபடி நிரப்பச் சொல்றோம்."

புதுப் படிவத்தோடு அவள் பெஞ்சுக்கு வந்தாள். தம்பி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதுடா. முப்பதுக்குள்ள."

"நாற்பத்தொண்ணுக்கா."

"தெரியும்டா. உள்ள போனாத்தானே யாராவது பார்ப்பாங்க? வெளிய நின்னுக்கிட்டு நிஜத்தைச் சொல்லி என்ன பிரயோஜனம்?"

"உள்ள போய்ப் பொய்யைச் சொன்னா மட்டும் என்னத்தைப் பார்ப்பாங்க?"

அவளிடம் இருந்தது கோபம்தான். "எனக்காக இது ஒண்ணு செய்ய மாட்டியா? நான் ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு முகத்தை முழுதாகப் பார்க்கிறவன் மாதிரிப் பார்த்தான்.

"நீயே போட்டுக்கோக்கா. கையெழுத்து நான் போடறேன்."

அவள் தினமும் லென்ஸ் தேய்க்கிறவள். கால் பாயின்ட் விலகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். படிவத்தைக் கைப்பையின் மேல் வைத்துக்கொண்டு, தன் நீலப் பேனாவால் இங்கே ஒன்று குறைத்து, அங்கே இரண்டு குறைத்து, பார்க்கிறவருக்கு உறுத்தாதபடி பவர் சரிசெய்தாள். தூக்கத்தில் நாலு விட்டுவைத்தாள். முழுதும் குறைத்தால் நம்ப மாட்டார்கள். ஒன்பதாம் கேள்வியில் 'எப்போதும்' என்பதைத் தாண்டி, 'அடிக்கடி' என்பதில் சற்று நின்று, இரண்டு மதிப்பெண் உள்ள 'எப்போதாவது' என்பதில் டிக் போட்டாள். கூட்டினால் இருபத்தெட்டு. அவன் வாங்கிப்போய், படிக்காமல், குமாஸ்தா மேசையிலிருந்த கறுப்புப் பேனாவால் கீழே கையெழுத்துப் போட்டான். பார்க்காமல் அவன் போட்ட முதல் கையெழுத்து அது.

காவலாளி மஞ்சள் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா ஜெயித்துவிட்ட மாதிரி இரண்டு மடங்கு வேகமாக நடந்தாள்.

துண்டுக்காகச் சண்டை போட்ட அந்த வியாழக்கிழமை அங்கே நடந்ததை அவளுக்கு வாத்தியார்தான் பின்னால் சொன்னார். வட்டத்தில் தம்பியை எழுந்து நிற்கச் சொன்னார்களாம். ஒரே வாரத்தில் பதின்மூன்று குறைந்ததற்காகப் பதின்மூன்று தரம் கைதட்டினார்களாம், எண்ணித் தட்டினார்களாம். வானிலை கேட்டதற்கு "வெயில்" என்றானாம். 'வெயில்' என்று எழுதிக்கொண்டார்களாம். படிக்கட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்ததால் தேநீரை நின்றுகொண்டே குடித்தார்களாம். ஒரு மணிக்கு அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனானாம்.

நாலரை மணிக்குக் கண்ணாடிக் கடைக்குப் போலீஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. எங்கே, எப்படி என்பதை எழுதிக்கொள்ள அவர்களிடம் தனிப் படிவம் இருந்தது. இங்கே வேண்டாம். அவள் போவதற்குள் முடிந்துபோயிருந்தது.

பத்தொன்பதாம் நாள் நடு மாடியிலிருந்து கடிதம் வந்தது. 'நிறைவு நேர்காணல்' என்று போட்டிருந்தது. அவள் போனாள். காவலாளி அட்டை கேட்டார். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

அதே மேசை. இயக்குநர் எழுந்து நின்று கைகூப்பினார்.

"ரொம்ப வருத்தம்மா. ஆனா ஒரு விஷயம் உங்களுக்கு ஆறுதலா இருக்கும். எங்ககிட்ட இருந்தவரைக்கும் உங்க தம்பி நல்லா முன்னேறிட்டிருந்தார். ஒரே வாரத்துல பதிமூணு. இந்தக் காலாண்டுலயே அதுதான் அதிகம். நடந்தது எங்க மாடியில இல்லை, எங்க நேரத்துலயும் இல்லை. அறிக்கையில அதைத் தெளிவா எழுதியிருக்கோம்."

அவள் வந்தது அழுவதற்கு இல்லை. "அந்தப் படிவத்தைத் திருத்தணும்" என்றாள். "அது பொய். டிக்கெல்லாம் என்னுது. அவனுக்கு நாற்பத்தொண்ணு. அவன் எழுதினதையே திரும்பப் போடுங்க. அவன் கடைசியாப் பொய் சொன்னான்னு எங்கயும் இருக்கக் கூடாது."

படிநிலை அதிகாரி ஃபைலை வரவழைத்துப் புரட்டினார். "கையெழுத்து பொருந்துதேம்மா."

"கையெழுத்து அவனுது. டிக் என்னுது. பேனாவே என்னுது. நீலத்தைப் பாருங்க, அவன் கையெழுத்துப் போட்டது கறுப்புல, உங்க மேசைப் பேனாவை வாங்கிப் போட்டான்."

"மை நிறத்தை வெச்சு நாங்க முடிவு எடுக்கறதில்லை. திருத்தம்னா நோயாளியே நேர்ல வந்து விண்ணப்பிக்கணும்."

தாம் சொன்னது என்ன என்று அதிகாரிக்கே எட்டியிருக்க வேண்டும்; காது சிவந்தது. ஆனால் விதியைச் சொல்லியாகிவிட்டது, இனி அதைக் காப்பாற்றியாக வேண்டும். "இல்லைன்னா அவர் எழுதிக் குடுத்த அதிகாரக் கடிதம் வேணும்" என்றார்.

வட்டம் நடத்துகிற பெண்மணி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இயக்குநர் தொண்டையைச் செருமினார். "எண்ணெல்லாம் மேலிடத்துக்குப் போயிடுச்சும்மா. இப்ப மாத்தினா மொத்தமும் மாறும். அப்புறம் மத்தவங்களும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே" என்றாள் அவள்.

வீட்டார் கருத்துப் படிவம் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்கள். அவள் அதைத் தொடவில்லை. படிவத்தை ஒரு தரம் பார்க்க மட்டும் வேண்டும் என்றாள். அதற்கு விதியில் தடை இல்லை போலிருக்கிறது. ஃபைலைத் திருப்பி வைத்தார்கள்.

ஒன்பதாம் கேள்விக்கு நேரே, 'எப்போதாவது' என்ற கட்டத்தில், அவளுடைய நீல மையில் டிக் இருந்தது. இப்போதும் இருக்கிறது.